பொய் சொல்லாத சாட்சியும் பிழையான ஆளைக் காட்டலாம்

எனக்கு வந்த கேள்வி இதுதான்: "ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஒழுங்கைச் சந்தியில் ஒரு வாள்வெட்டு நடந்தது. வெட்டுப்பட்டவர் இறந்துவிட்டார். என் மாமா அதை நேரில் கண்டவர். எந்தப் பக்கமும் சாராதவர், பொய் சொல்லத் தெரியாதவர். அடையாள அணிவகுப்பில், அதாவது சந்தேகநபரை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்திக் காட்டச் சொன்னபோது, ஒருவரைக் காட்டினார். இப்போது மேல் நீதிமன்றத்தில் எதிரித் தரப்புச் (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) சட்டத்தரணி 'நீர் பிழையான ஆளைக் காட்டுகிறீர்' என்று சொன்னதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கண்ணால் கண்ட மனிதனை இப்படிச் சந்தேகிப்பது நியாயமா?"

மாமாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். பெரும்பாலும் எதிரித் தரப்பில், சில வேளைகளில் பாதிக்கப்பட்டவர்களுக்காக. சாட்சி சொல்ல வருகிறவர்கள் நம் ஊரில் படும் பாடு தெரியும். வேலையை விட்டு, தவணைக்குத் தவணை வந்து, "உனக்கேன் இந்தச் சோலி" என்று வீட்டில் பேச்சும் வாங்கி, கடைசியில் ஒருவர் எழும்பி "பிழை" என்றால் யாருக்கும் கொதிக்கும். ஆனாலும் அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். மாமாவின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேர்மையான மனிதர், ஆகவே அவர் காட்டியது சரியான ஆள் என்று நாம் சட்டென்று தாண்டிப் போகிறோமே, அந்தத் தாண்டலில்தான் அப்பாவிகள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். 1995 ஒக்டோபர் 30. போரினால் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போன நாள். மழை. எங்கள் சைக்கிளில் அரிசி மூட்டை, அதற்கு மேல் அம்மம்மா. ஹாண்டிலைப் பிடித்து உருட்டியது நான். அந்த நோவு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. அக்காவைக் கேட்டால், உருட்டியது அவர். நான் அம்மம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். அவருக்கும் உள்ளங்கை நோகிறது. இருவரும் கோயிலில் சத்தியம் செய்வோம். எங்கள் இருவரில் ஒருவர் சொல்வது நடக்கவே இல்லை. ஆனால் யாரும் பொய் சொல்லவில்லை.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1986 இல் அமெரிக்காவின் சலெஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலை உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் பலரிடம் அதே கேள்விகள். பலருடைய பதில் முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் உறுதிக்குக் குறைவில்லை. அவர்களுடைய சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. புதிய நினைவு அந்த இடத்தில் குடியேறிவிட்டது.

நினைவைப் பெட்டகத்தில் பூட்டிய நகை என்று நினைக்கிறோம். அது தென்னோலைக் கிடுகு வேலி மாதிரி. வருடா வருடம் உக்கிய கிடுகைக் கழற்றிப் புதிதாகக் கட்டுவோம், பத்து வருடத்துக்குப் பிறகும் அதே வேலி என்போம். பிரெட்ரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932 இலேயே எழுதியது இதைத்தான்: நினைவுகூரும் ஒவ்வொரு தடவையும் மனம் அந்தக் கதையைத் திரும்பக் கட்டுகிறது. இடைவெளிகளை வழக்கமாக நடப்பது எதுவோ அதைக்கொண்டு நிரப்புகிறது. கட்டியவருக்குப் பழைய கிடுகு எது, புதுக் கிடுகு எது என்று தெரியாது.

கேட்கும் கேள்வியே புதுக் கிடுகைச் செருகிவிடும். 1974 இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற உளவியலாளர்கள் 150 மாணவர்களுக்கு ஒரு வாகன விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம் வாகனங்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், 50 பேரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். மிச்சம் 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு கிழமை கழித்து எல்லோரிடமும் ஒரே கேள்வி: உடைந்த கண்ணாடி கண்டீர்களா? படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "நொறுங்கிய" என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் கண்டோம் என்றார்கள். மற்ற இரண்டு கூட்டத்திலும் 7 பேர், 6 பேர். ஒரு வினைச்சொல்லால் வந்த வித்தியாசம் இது. இப்போது சம்பவம் நடந்த இரவே, பதறிப்போய் இருக்கும் ஒருவரிடம் "வாள் எந்தக் கையில் இருந்தது?" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். அவர் கண்டது வாள்தானா, கம்பியா, கொட்டனா என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

இது நினைவு பழுதாவதைப் பற்றி. அதற்கு முதல், கண்ணுக்குள் போனது எவ்வளவு? நம் பக்கத்து வாள்வெட்டுகள் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பொழுதுபட்ட பிறகு இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள், முகத்தில் கட்டிய துணி, சிலருக்கு ஹெல்மெட், இலக்கத்தகட்டைக் கழற்றியிருப்பார்கள். வந்து, வெட்டி, திரும்புவதற்கு நிமிடக்கணக்குப் போகாது. சாட்சியோ "பத்து நிமிடம் நின்றார்கள்" என்பார். பயத்தில் பார்த்த குறுகிய சம்பவத்தை நீளமாகச் சொல்வது எல்லா மனிதருக்கும் பொதுவானது. ஆயுதம் ஒன்று தெரிந்தால் கண் அதிலேயே நிற்கும், முகத்துக்குக் கிடைக்கும் பார்வை குறையும்; இதையும் லொஃப்டஸ் குழுவினர் 1987 இல் கண்ணசைவைப் பதிவுசெய்து காட்டினார்கள். "அவ்வளவு பயங்கரமாக இருந்தது, அந்த முகத்தை மறப்பேனா" என்று சாட்சிகள் சொல்வதை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். பயம் முகத்தை ஆழமாகப் பதிக்கும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. அமெரிக்க இராணுவத்தின் பயிற்சி முகாம் ஒன்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படையினரை வைத்துச் செய்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. அரை மணித்தியாலத்துக்கு மேல் கடுமையாக, மிரட்டி விசாரிக்கப்பட்டவர்கள், தங்களுக்கு முன்னால் நின்று விசாரித்த ஆளையே பிறகு அடையாளம் காண்பதில், மிரட்டாமல் விசாரிக்கப்பட்டவர்களை விட மோசமாகத் தவறினார்கள். இவர்கள் பயிற்சி பெற்ற படையினர். உங்கள் மாமா சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற மனிதர்.

ஒரு முக்கியமான பிரிவினை. ஏற்கெனவே தெரிந்த ஆளை இனங்காண்பது வேறு, முன்பின் காணாத ஆளை அடையாளம் காட்டுவது வேறு. நம் ஊரில் நடையைப் பார்த்தே, சைக்கிளின் சத்தத்தைக் கேட்டே இன்னாரின் மகன் வருகிறான் என்று சொல்வார்கள். அது பலமான சாட்சியம். 1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்த சனம் நாங்கள், அரை இருட்டில் ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் பழக்கத்தை நம்பி முன்பின் தெரியாதவரையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. இங்கிலாந்தில் ஆளை மாற்றி அடையாளம் காட்டியதால் வந்த பிழையான தீர்ப்புகள் சில வெளியே வந்து பெரிய கலக்கமாகி, டெவ்லின் பிரபு தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 1976 இல் அந்த அறிக்கை வந்தது. அதே ஆண்டு டர்ன்புல் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. எவ்வளவு நேரம் கண்டார், எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட வெளிச்சம், நடுவில் மறைப்பு ஏதும் உண்டா, முன்பு கண்ட ஆளா, கண்டதற்கும் பொலிஸில் அடையாளம் சொன்னதற்கும் இடையில் எவ்வளவு காலம், முதலில் சொன்ன அங்க அடையாளம் எதிரியோடு பொருந்துகிறதா. தெரிந்த ஆளைக் காண்பதிலும், நெருங்கிய உறவினரில்கூட, பிழை வரும் என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. நம் மேல்நிலை நீதிமன்றங்களும் இதை எடுத்தாள்கின்றன. மாமாவைக் கேட்ட சட்டத்தரணி இந்த வரிசையில் கேட்டிருந்தால் அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

சரி, சம்பவத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இடம்தான். ஒரு கொலை நடந்தால் செத்தவீட்டில் அன்றிரவே கதை தொடங்கும். எட்டுச் செலவு வரை, பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படும். கண்டவர் மூன்று பேர், காணாதவர் முப்பது பேர், எல்லோரும் ஒரே பந்தலுக்குக் கீழே. "நீலச் சேட்டுப் போட்டவன்தான் முதல் வெட்டினவன்" என்று ஒருவர் சொன்னால், முப்பத்தோராம் நாள் முடிவதற்குள் மூன்று சாட்சிக்கும் நீலச் சேட்டு ஞாபகத்தில் இருக்கும். நீதிமன்றத்தில் அதை "மூன்று சாட்சியமும் ஒத்துப் போகிறது" என்று வாதிடுவார்கள். மூன்று கண் கண்டது அது என்று நான் நம்பமாட்டேன், ஒரு வாய் சொன்னதாகவும் இருக்கலாம். துக்கம் விசாரிப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன்னமே சாட்சியின் முதல் வாய்மொழி சுத்தமாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

முன்பு செத்தவீட்டுப் பந்தல், இப்போது முகநூலும் சேர்ந்துவிட்டது. சந்தேகநபர் பிடிபட்ட அன்றே அவருடைய படம் போனுக்குப் போன் பாய்கிறது. பிறகு அணிவகுப்பு. சாட்சிக்கு வரிசையில் ஒரு முகம் பழக்கமாகத் தெரிகிறது. சந்தியில் கண்ட பழக்கமா, போனில் கண்ட பழக்கமா? மனம் முகத்தை வைத்துக்கொள்ளும், எங்கே கண்டோம் என்பதைத் தவறவிடும். அவுஸ்திரேலியாவில் டொனால்ட் தொம்சன் என்ற உளவியலாளரை, தன்னைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியவர் என்று ஒரு பெண் அடையாளம் காட்டினார். சம்பவம் நடந்த வேளையில் தொம்சன் தொலைக்காட்சியில் நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் வீட்டில் அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த முகம் குற்றவாளியின் முகமாக அவருக்குள் பதிந்துவிட்டது. தொலைக்காட்சியில் இருந்ததால் தொம்சன் தப்பினார். வீட்டில் படுத்திருந்தால்?

தப்பாத ஒருவரின் கதை ரொனால்ட் கொட்டனுடையது. 1984 இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜெனிஃபர் தொம்சன் என்ற மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளானார். உயிர் தப்பினால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் முகத்தைக் கூர்ந்து பார்த்து வைத்தார். படங்களில் கொட்டனைத் தெரிவு செய்தார், தயங்கித் தயங்கி. பிறகு ஆட்களின் அணிவகுப்பிலும் இரண்டு பேருக்கு நடுவில் யோசித்துக் கொட்டனைக் காட்டினார். படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று பொலிஸார் சொன்னார்கள். அதோடு தயக்கம் போய்விட்டது. வழக்கில் அசைக்க முடியாத சாட்சியாக நின்றார். 1987 இல் மறுவிசாரணை நடந்தபோது உண்மையான குற்றவாளியையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். இந்த ஆளை நான் கண்டதே இல்லை என்றார் ஜெனிஃபர். அவருடைய நினைவில் அந்த முகம் இருந்த இடத்தில் கொட்டனின் முகம் இருந்தது. 1995 இல் மரபணுப் பரிசோதனை கொட்டனை விடுவித்தது, பத்து வருடத்துக்கு மேல் சிறையில் போன பிறகு. பின்னர் இருவரும் சேர்ந்து அணிவகுப்பு முறைகளை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அந்த மாநிலம் 2007 இல் சட்டத்தையே மாற்றியது. மரபணுச் சோதனையால் அமெரிக்காவில் விடுதலையானவர்கள் முந்நூறுக்கும் மேல். ஏறத்தாழ பத்தில் ஏழு வழக்குகளில் பிழையான அடையாளம் காட்டல் இருந்தது.

கொட்டனின் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது "இவரைத்தான்" என்று பொலிஸார் சொன்ன அந்த இடத்தில். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அப்படி ஒரு சொல் கிடைத்த சாட்சி, தான் ஆரம்பத்திலேயே உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகக் கண்டதாகவும் நம்பத் தொடங்குகிறார் என்று கரி வெல்ஸ் என்ற உளவியலாளர் 1998 இல் பரிசோதித்துக் காட்டினார். அதே வெல்ஸ் ஜோன் விக்ஸ்டடோடு சேர்ந்து 2017 இல் எழுதியது இதன் மறுபக்கம்: ஒழுங்காக நடந்த முதல் அணிவகுப்பில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், சாட்சி தானாகச் சொல்லும் உறுதிக்குப் பெறுமதி உண்டு. ஆறு வருடத்துக்குப் பிறகு சாட்சிக்கூண்டில் நின்று எதிரிக்கூண்டைப் பார்த்துச் சொல்லும் உறுதிக்கு அந்தப் பெறுமதி கிடையாது. கூண்டில் நிற்பவர்தான் எதிரி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டில் அடையாள அணிவகுப்பை நீதவான் நடத்துகிறார், 1979 இன் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124 ஆம் பிரிவின் கீழ். பொலிஸிடம் விடாமல் நீதவானிடம் வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதில் கவனம் போதாது. இங்கிலாந்தில் சந்தேகநபரோடு அவரைப் போன்ற தோற்றமுள்ள குறைந்தது எட்டுப் பேர் இருக்க வேண்டும். நான் கண்ட ஒரு அணிவகுப்பில் மற்ற எல்லோரும் வழித்த முகம், சந்தேகநபருக்கு மட்டும் விளக்கமறியலில் வளர்ந்த தாடி. சாட்சி அரை நிமிடமும் எடுக்கவில்லை. அணிவகுப்பில் எடுத்த நேரம், சாட்சி சொன்ன அதே வார்த்தை, முகத்தில் இருந்த தயக்கம், எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும். சந்தேகநபர் யார் என்று தெரியாத ஒருவர் சாட்சியை அழைத்து வர வேண்டும். "ஆள் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சிக்கு முதலே சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலையாட்டியைக் கண்ட தலைமுறை நாங்கள். இந்திய அமைதிப்படைக் காலத்திலும் அதற்குப் பிறகு வந்த சுற்றிவளைப்புகளிலும் ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டு, முகத்தை மூடிய ஒரு ஆளுக்கு முன்னால் நடக்க வைப்பார்கள். அந்தத் தலை ஆடினால் முடிந்தது. எங்கே கண்டாய், எப்போது, எந்த வெளிச்சத்தில் என்று கேட்க யாருக்கும் வாயில்லை. குறுக்கு விசாரணை என்பது அந்தக் கேள்விகளைக் கேட்கிற உரிமை. மாமாவைக் கேள்வி கேட்ட அந்தச் சட்டத்தரணி அன்று அந்த மைதானத்தில் இருந்திருந்தால் எத்தனை பெடியள் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்டவர் சாட்சியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டமும் சொல்லவில்லை. 1895 இன் சான்றுக் கட்டளைச் சட்டம் 134 ஆம் பிரிவின்படி ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை. நம்பத்தக்க ஒருவரே போதும். கனடாவில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு முன்னால் பகலில் நடந்த உண்மையான சூட்டுச் சம்பவத்தை நேரில் கண்ட 13 பேரை நாலைந்து மாதம் கழித்து யூயில், கட்ஷோல் என்ற ஆய்வாளர்கள் விசாரித்து 1986 இல் எழுதினார்கள். என்ன நடந்தது, யார் யாரைச் சுட்டது என்பதில் அவர்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தார்கள். திசைதிருப்பும் கேள்விகளிலும் விழவில்லை. வயது, உயரம், நிறம் போன்றவற்றில்தான் தடுமாறினார்கள்.

நம் நீதிமன்றப் பழக்கத்தில் எனக்குள்ள பெரிய குறை இதிலிருந்துதான் வருகிறது. பொலிஸில் சொன்ன வாக்குமூலம், மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புமுன் நீதவான் நடத்தும் சுருக்கமுறையற்ற விசாரணையில் சொன்னது, வருடங்களுக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் சொல்வது, மூன்றையும் பக்கத்தில் வைத்து "அன்று சறம் என்றீர், இன்று காற்சட்டை என்கிறீர்" என்று பிடிப்போம். அந்த முரண்பாட்டுக்கு 'வி 1' என்று அடையாள இலக்கம் போடப்படும். வாக்குமூலம் பல வேளைகளில் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதியது என்பதும் மறந்துபோகும். சறமும் காற்சட்டையும் மாறுவது இயல்பான நினைவின் குணம். சாட்சியிடம் படமெடுக்கும் கருவியைப் போன்ற ஞாபகத்தை எதிர்பார்க்கக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1983 இல் ஒரு குஜராத் வழக்கில் சொன்னதை நம் நீதிமன்றங்களும் மேற்கோள் காட்டுகின்றன. சரியான தீர்ப்பு. ஆனால் சில்லறை முரண்பாட்டை மன்னித்த கையோடு, அந்த முகம் சாட்சியின் மனதுக்குள் எந்த வழியால் வந்தது என்ற கேள்வியையும் சேர்த்து மன்னித்துவிடுகிறோம். உடுப்பில் முரண்படாத சாட்சி பிழையான ஆளைக் காட்டலாம். உடுப்பை மாற்றிச் சொன்னவர் சரியான ஆளைக் காட்டலாம்.

அப்புறம், மாமாவுக்கு. குறுக்கு விசாரணை இன்னும் முடியவில்லை என்று நினைத்துச் சொல்கிறேன். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நானோ நீங்களோ சொல்லிக் கொடுக்கக்கூடாது. ஆனால் ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொல்லலாம் என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும்; அதனால் அவர் சாட்சியம் கெட்டுவிடாது. அணிவகுப்பு நாளில் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்று கேட்டால், இன்றைய உறுதியை அல்ல, அன்றையதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் போனில் படம் பார்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், வழக்குக்குப் பாதகம் என்று நினைத்தாலும். கொலைக்கு நம் சட்டத்தில் மரண தண்டனை. 1976 க்குப் பிறகு நிறைவேற்றவில்லை என்றாலும் கூண்டில் நிற்பவருக்கு வெளியே வாழ்க்கை இல்லை.

உங்களுக்கு ஒன்று. இளம் ஆள், இனி எங்காவது ஏதாவது கண்ணில் படலாம். வீட்டுக்கு வந்ததும், யாரோடும் கதைக்க முதல், முகநூலைத் திறக்க முதல், கண்டதை ஒரு கொப்பியில் எழுதித் திகதியும் நேரமும் போட்டு வையுங்கள். காணாததையும் எழுதுங்கள்: முகம் தெரியவில்லை, இலக்கம் தெரியவில்லை என்று. நடந்த உடனே தன் கையால் எழுதியதைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ள அதே கட்டளைச் சட்டத்தின் 159 ஆம் பிரிவு சாட்சிக்கு இடம் தருகிறது. பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்து வையுங்கள். நானும் அக்காவும் அப்படி ஒரு கொப்பி எழுதவில்லை. அம்மம்மா 2003 இல் போய்விட்டார். அந்த இரவு சைக்கிளை யார் உருட்டியது என்று கேட்க இப்போது வேறு யாரும் இல்லை.